நெடுஞ்சாலை ஓட்டத்துக்கு 5டபிள்யூ-30 இன்ஜின் ஆயில் போதுமா, 40 கிரேடுக்கு மாறலாமா?

நண்பர்களே, ஒரு சந்தேகம். என்னுடைய கார் 2016 மாடல் 1.3 லிட்டர் டர்போ டீசல், பிஎஸ்4, 1,10,000 கி.மீ. ஓடியிருக்கிறது. மாதம் இருமுறை சென்னையிலிருந்து நாகர்கோவில், கிட்டத்தட்ட 700 கி.மீ., நாலு பேர், ஏசி முழு வேகத்தில், திருச்சி தாண்டியபின் மணிக்கணக்கில் 100லேயே போகிறது. கத்திரி வெயிலில் போய் வந்தால் டிப்ஸ்டிக்கில் (ஆயில் அளவு பார்க்கும் கம்பி) அரை லிட்டர் ஆயில் குறைகிறது. கீழே ஒழுகல் இல்லை, கூலன்ட் முள் நகரவே இல்லை (அது ஆயில் சூட்டைச் சொல்லாது என்பது தெரியும்).

மேனுவலில் 5டபிள்யூ-30. மெக்கானிக் அண்ணன் 15டபிள்யூ-40 மினரல் (சிந்தெடிக் அல்லாத சாதா ஆயில்) ஊற்றச் சொல்கிறார், டர்போ இருக்கும்போது எனக்கு மனசு வரவில்லை. நம்ம ஊர்க் குளிருக்கு டபிள்யூவுக்கு முன்னால் உள்ள எண் (குளிரில் ஆயில் ஓடும் தன்மை) பெரிய விஷயமில்லை, 150 டிகிரியில் ஆயில் படலம் தாங்குமா என்பதுதான் கேள்வி, அதாவது அந்த எச்டிஎச்எஸ் மதிப்பு (அதிக சூட்டிலும் வேகமான உராய்விலும் ஆயிலின் பிசுக்குமை). டப்பாவில் ஏசிஇஏ சி3 (ஐரோப்பிய கார் தயாரிப்பாளர்களின் ஆயில் தரம்) என்று போட்டிருந்தால் 30 கிரேடிலேயே அந்த மதிப்பு 3.5க்குக் குறையாமல் இருக்குமே, அது போதுமா, இல்லை முழு சிந்தெடிக் 5டபிள்யூ-40 தானா? மாற்றியவர்களுக்கு ஆயில் குறைவது நின்றதா, மைலேஜ் எவ்வளவு அடிபட்டது? அப்புறம், 10,000 கி.மீ.க்குப் பதில் 7,500லேயே ஆயில் மாற்றுவது வீண் செலவா?