காலைல மட்டும் சுகர் ஏறுது, உங்க வீட்ல யாருக்காவது இப்படி இருக்கா?

மக்களே வணக்கம், நாங்க மும்பை செம்பூர்ல இருக்கோம், அப்பாவுக்கு 64 வயசு, பத்து வருஷமா சுகர். ராத்திரி சாப்பாட்டுக்கு முன்னாடி 130தான் இருக்கு, காலைல வெறும் வயித்துல குத்திப் பாத்தா 190, நேத்து 204! நடுவுல தண்ணி தவிர ஒண்ணும் சாப்பிடல, பிஸ்கட் டப்பாவ கூட ஒளிச்சு வச்சாச்சு. விடியக்காலைல சில ஹார்மோன் சுரந்து லிவர் தானாவே சர்க்கரைய வெளிய விடும்னு டாக்டர் சொல்றார், ஆனா ராத்திரில லோ ஆகி அப்புறம் ஏறுதான்னும் பாக்கணும், மூணு மணிக்கு எந்திரிச்சு டெஸ்ட் பண்ணுங்கன்னார். ரெண்டு நாள் பாத்தோம், 142, 151, லோ ஆகல. நான் லோக்கல் புடிச்சு வீடு வர ஒம்பதரை ஆகும், அதுவரைக்கும் மனுஷன் தட்டுல கை வைக்க மாட்டார், சாப்பிட்ட கையோட படுக்கை. மாத்திரைய டாக்டர் பாத்துப்பார், அத கேக்கல. ராத்திரி சாப்பாட்ட ஏழரைக்கு மாத்தினவங்க, சாப்பிட்டு ஒரு ரவுண்டு நடந்தவங்க, காலைல நம்பர் எவ்ளோ கொறஞ்சுது? நாலு இட்லிக்கு பதிலா என்ன குடுத்தீங்க? வெந்தயத் தண்ணி மட்டும் சொல்லாதீங்க, ஒரு மாசமா குடிக்க வச்சதுல அவர் என்கிட்ட சரியா பேசறதே இல்ல.