மறு: ஜெட் மாடலின் வால் – ஸ்டேபிலேட்டருக்கு என்ன சொல்லலாம்?

> 'நிலைப்படுத்தியேற்றி' என்று வைத்தால் பொருள் முழுதும் வந்துவிடுகிறதே?

பொருள் வருகிறது அண்ணாச்சி, ஆனால் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு ஒரு வாலைக்கூட மாட்ட முடியாது. ஸ்டேபிலேட்டர் என்பது பலகை முழுதுமே திரும்புகிற கிடைவால். அசையாத வால் பலகையான ஸ்டேபிலைசரையும், அதன் பின்னால் ஆடி மூக்கை ஏற்றி இறக்கும் எலிவேட்டரையும் வெட்டி ஒட்டி ஆங்கிலத்தில் ஒரு பெயர் செய்துகொண்டார்கள், அந்த ஒட்டை நாம் மறுபடி ஒட்டுவானேன்? அதோடு 'ஏற்றி' என்பதே இங்கே பாதி உண்மைதான். எஃப்-16 சண்டை விமானத்தில் இரண்டு பக்க வாலும் ஒன்றாகத் திரும்பினால் மூக்கு ஏறும் அல்லது இறங்கும்; ஒன்று மேலே, ஒன்று கீழே என்று திரும்பினால் விமானம் பக்கவாட்டில் உருளும். உருட்டுகிற வேலையையும் பார்ப்பதை எப்படி ஏற்றி என்பது?

ரேடியோவில் ஓட்டும் சாதாரணப் பயிற்சி மாடல் விமானத்தில் வால் பலகை அசையாது. அதன் பின்விளிம்பில் கீல் போட்ட ஒரு பட்டை மட்டும் மேலும் கீழும் ஆடும். ஒலி வேகத்தை நெருங்கும்போது அதிர்வலை அந்தக் கீல் பக்கம் வந்து உட்கார்ந்துகொள்ளும், அப்புறம் பட்டையை எவ்வளவு திருப்பினாலும் விமானம் கேட்காது. 1947 அக்டோபர் 14 அன்று அமெரிக்க விமானி சக் யேகர் பெல் எக்ஸ்-1 என்ற சோதனை விமானத்தில் ஒலியைத் தாண்டியபோது பலகை முழுவதையும் திருப்பித்தான் மூக்கைக் கட்டுக்குள் வைத்திருந்தார். பின்னால் வந்த சண்டை விமானங்கள் பலவற்றில் இதுவே வழக்கமாகிவிட்டது. நம் மாடல் ஒலி வேகத்துக்குப் பக்கத்தில்கூடப் போகாது, அசலைப் போலவே செய்ய ஆசைப்பட்டதால் அந்தத் தலைவலி மட்டும் நமக்கும் வந்து சேர்கிறது.

உடலின் பின்பக்கச் சட்டத்தில் இரண்டு பேரிங், அவற்றில் ஒரு எஃகுத் தண்டு, தண்டில் பலகையைச் செருகி கிரப் ஸ்க்ரூவை (தலையில்லாத சின்னத் திருகு) இறுக்குகிறோம். பலகையைத் தாங்குவதும் அந்தத் தண்டுதான், பலகை திரும்புவதும் அதோடுதான். நுனியை இரண்டு விரலால் பிடித்து ஆட்டிப் பாருங்கள், கொஞ்சம் 'டக் டக்' என்றாலும் விடாதீர்கள். வேகம் ஏறும்போது அந்த ஆட்டம் படபடப்பாகி வாலையே பிய்த்துக்கொண்டு போகும். தண்டு, பலகையின் சராசரி அகலத்தில் முன்விளிம்பிலிருந்து கால் பங்கில், அல்லது அதற்குக் கொஞ்சம் முன்னால் இருக்க வேண்டும். பின்னே தள்ளிப்போனால் காற்றே பலகையை மேலும் மேலும் திருப்பப் பார்க்கும், பலகையைத் திருப்பும் சின்ன மோட்டாரான சர்வோ அதோடு மல்லுக்கட்டிக்கொண்டே இருக்கும். இவ்வளவும் போதாதென்று இரண்டு சர்வோவுக்கும் நடுவில் டர்பைன் எஞ்சினின் புகைக்குழாய் வேறு போகிறது, உள்ளே 600 டிகிரி வாக்கில் சுடுவாயு. ஒரு வயர் சரிந்து அதில் சாய்ந்தால் கதை முடிந்தது.

(இங்கே செங்கோட்டையில் ஆனி, ஆடியில் ஆரியங்காவுக் கணவாய்க் காற்றுக்கு மாடலை வெளியே எடுக்கவே முடியாது. அதனால் கட்டுகிற வேலையெல்லாம் சாரல் காலத்தில்தான். ஈரக்காற்றில் எப்பாக்ஸி பிசின் இறுகினாலும் மேலே வழவழவென்று ஒரு பிசுக்கு படியும், அதைத் தண்ணீர் தொட்டுத் துடைக்காமல் அடுத்த பூச்சு போட்டால் உரிந்து வந்துவிடும்.)

ஆகவே சொல்லில் வர வேண்டியது அந்தத் தண்டு. நம் பக்கம் பழைய வீட்டுக் கதவுகளுக்குக் கீலே கிடையாது. கதவின் ஓரத்தில் மேலேயும் கீழேயும் மரத்திலேயே ஒரு முளை விட்டு, நிலையில் இருக்கும் குழியில் உட்காரவைப்பார்கள், முழுக் கதவும் அதன்மேல் திரும்பும். அந்த முளைக்குப் பெயர் குடுமி. சரி, கீல் போட்டது கீல்வால், குடுமியில் திரும்புவது குடுமிவால், பேரிங் உட்காரும் இடம் குடுமிக்குழி. 'சுழல்வால்' என்று ஒருவர் எழுதியிருந்தார். அதைப் படித்தால் ஹெலிகாப்டரின் வால் விசிறிதான் நினைவுக்கு வருகிறது.

செங்குத்து வாலில் மூக்கை இடம் வலமாகத் திருப்பும் ரட்டரின் பெயரை மட்டும் தொடாதீர்கள். சுக்கான் நன்றாகத்தான் இருக்கிறது, மலையாளத்திலும் சுக்கான், தெலுங்கில் சுக்கானி.

– செங்கோட்டை

---

தம்பி, குடுமி என்றதும் பையன்கள் சிரிப்பார்கள், அது போகட்டும். கதவில் குடுமி ஓரத்தில் அல்லவா இருக்கிறது? உங்கள் தண்டு பலகைக்கு உள்ளே கால் பங்கில் இருக்கிறது. கதவை மனதில் வைத்துக்கொண்டு ஒருவன் முன்விளிம்பிலேயே தண்டைக் கொண்டுபோய் வைத்தால்? பேசாமல் 'அச்சுவால்' என்று வைத்துவிடலாம்.

– புனலூர்

---

அண்ணாச்சி, கீலுக்கும் ஒரு அச்சு உண்டே, அப்புறம் இரண்டையும் எப்படிப் பிரிப்பது? போதாக்குறைக்கு அச்சு என்றால் வார்ப்படம் எடுக்கும் அச்சும் இருக்கிறது, பலகையைச் செய்வதே அதில்தான். 'அச்சுவால் அச்சில் அச்சு' என்று எழுத வேண்டிவரும்.

ஓரம் என்ற விஷயத்தில் நீங்கள் சொல்வது சரி. தண்டு எங்கே என்பதை வரைபடம் காட்டட்டும், அந்தக் கோட்டுக்குக் குடுமிக்கோடு என்று பெயர் போட்டு, பக்கத்திலேயே 'கால் பங்குக்குப் பின்னால் போகக் கூடாது' என்று எழுதிவிடுவோம். இரண்டு பக்கமும் எதிரெதிராகத் திரும்பி உருட்டுகிறதே, அதற்காக ஏற்றி இறக்கும் ஆணையையும் உருட்டும் ஆணையையும் சேர்த்து ரேடியோவில் போடும் அந்தக் கலவைக்குத்தான் ('மிக்ஸ்') இன்னும் சொல் கிடைக்கவில்லை. 'உருள்கலவை' என்று ஒன்று எழுதிப் பார்த்தேன், சித்த மருந்துக் கடையில் கேட்டாற்போல இருந்தது. வேறு ஏதாவது தோன்றினால் எழுதுங்கள்.

– செங்கோட்டை