எஸ்எம்எஸ் வாசிக்கிற கார் வாட்ஸ்அப்பை வாசிக்க மாட்டேங்குது, மேப் குரலும் கேட்கல

பின்சீட்டு எழுதியது:

வணக்கம் நண்பர்களே. 2022 மாடல் வண்டி, கம்பெனியில் வந்த ஸ்கிரீன். கேபிள் போட்டால் ஆண்ட்ராய்டு ஆட்டோ (ஃபோன் ஆப்களை கார் ஸ்கிரீனில் காட்டுற வசதி) வரும். வண்டிக்குள்ளேயே தனியா ஒரு மேப்பும் இருக்கு. ஃபோன் ஆண்ட்ராய்டு 13.

கால், பாட்டு எல்லாம் சரியா வருது. எஸ்எம்எஸ் வந்தால் ஸ்கிரீனில் காட்டி, தொட்டால் வாசிக்கவும் செய்யுது. வாட்ஸ்அப் மட்டும் வரவே மாட்டேங்குது. ஸ்பீடு பிரேக்கர் ஏறி இறங்கினால் ஆட்டோ கட் ஆகி மறுபடி கனெக்ட் ஆகுது. மேப் குரல் பாட்டுக்கு அடியில் முணுமுணுன்னு கேட்குது. சத்தத்தை ஏத்தினால் பாட்டுதான் ஏறுது. சர்வீஸில் கேட்டால் ஸ்கிரீனையே மாத்தணும்கிறாங்க. அதுக்கு முன்னாடி எதை எல்லாம் பார்க்கணும்? அடுத்த வாரம் வால்பாறை போறோம், சிக்னல் இல்லாத இடத்தில் எந்த மேப்பை நம்புறது?

ஸ்டெப்னி எழுதியது:

ஸ்கிரீனில் கை வைக்காதீங்க. எஸ்எம்எஸ்ஸை வாசிக்குதுன்னா ஸ்கிரீன், ஸ்பீக்கர், குரல் மூணும் நல்லா இருக்கு. கோளாறு ஃபோனில்தான்.

செய்தி காருக்குப் போக ரெண்டு பாதை இருக்கு. ஒண்ணு வெறும் புளூடூத். அதில் செய்தியைக் கொண்டுபோற பகுதிக்கு மெசேஜ் ஆக்சஸ் ப்ரொஃபைல்னு பேர். சுருக்கினால் அதுவும் 'மேப்'தான், ஊர் மேப்போட குழப்பிக்காதீங்க. அந்தப் பாதையில் பொதுவா எஸ்எம்எஸ் மட்டும்தான் போகும், வாட்ஸ்அப்புக்கு இடமில்லை. ரெண்டாவது பாதை ஆண்ட்ராய்டு ஆட்டோ. அது வாட்ஸ்அப்பைத் திறந்து படிக்கிறதில்லை. ஃபோனில் மேலே வந்து விழுது பாருங்க அறிவிப்பு, அதில் இருக்கிற பேரையும் வரியையும் எடுத்துத்தான் வாசிக்குது. அறிவிப்பில் இல்லாதது காருக்கு வராது.

அதனால் வாட்ஸ்அப்பில் முதல்ல பார்க்க வேண்டியது ஆப் லாக். செட்டிங்ஸ், பிரைவசி, ஆப் லாக் போய்ப் பாருங்க. கைரேகைப் பூட்டுக்குக் கீழே 'ஷோ கன்டென்ட் இன் நோட்டிஃபிகேஷன்ஸ்'னு ஒரு சுவிட்ச் இருக்கும். அது ஆஃப்ல இருந்தால் யார் அனுப்பினது, என்ன எழுதினதுன்னு எதுவும் அறிவிப்பில் வராது. காருக்கு வாசிக்க என்ன இருக்கு? ஆன் பண்ணிப் பாருங்க. ஒருத்தரோட உரையாடலை மட்டும் தனியாப் பூட்டி வச்சிருந்தால் அதுவும் வராது. மியூட் பண்ணின குரூப்பும் அப்படித்தான்.

அடுத்தது ஆண்ட்ராய்டு ஆட்டோ செட்டிங்ஸ். எந்த மெனுவுக்குள்ளே இருக்குங்கிறது ஃபோனுக்கு ஃபோன் மாறும். செட்டிங்ஸ் மேலே தேடுற கட்டத்தில் பேரைத் தட்டுறது சுலபம். உள்ளே செய்தி அறிவிப்பு, குரூப் செய்தி அறிவிப்பு ரெண்டுக்கும் தனித்தனி சுவிட்ச். பிறகு ஃபோனோட ஆப்ஸ் பட்டியலில் ஆண்ட்ராய்டு ஆட்டோவுக்கு 'நோட்டிஃபிகேஷன் ஆக்சஸ்' கொடுத்திருக்கான்னு பாருங்க. பேட்டரி பகுதியில் 'அன்ரெஸ்ட்ரிக்டட்'னு வைங்க. பேட்டரியை மிச்சம் பிடிக்கிறேன்னு சில ஃபோன் இதைப் பின்னணியில் நிறுத்திடும். 'டூ நாட் டிஸ்டர்ப்' ஓடினாலும் செய்தி அடங்கிடும்.

ஐஃபோன்காரங்களுக்கு: கார்பிளே (ஆண்ட்ராய்டு ஆட்டோ மாதிரி ஐஃபோனுக்கு உள்ளது) போட்டதும் செய்தி நின்னுபோனால் ஃபோகஸ் பகுதியில் 'டிரைவிங்' தானா ஆன் ஆகுதான்னு பாருங்க. 'ஆக்டிவேட் வித் கார்பிளே'ங்கிற சுவிட்ச்தான் காரணமா இருக்கும். வெறும் புளூடூத்தில் எஸ்எம்எஸ் வரலைன்னா, புளூடூத் பட்டியலில் கார் பேருக்குப் பக்கத்து வட்டத்தைத் தொட்டு 'ஷோ நோட்டிஃபிகேஷன்ஸ்' ஆன் பண்ணணும்.

இன்னொண்ணு. பேங்க் ஓடிபியும் எஸ்எம்எஸ்தான். வண்டியில் நாலு பேர் இருக்கும்போது தெரியாம விரல் பட்டால் அதையும் சத்தமா வாசிச்சுடும்.

ஒயர்மேன் எழுதியது:

மேடு பள்ளத்தில் கட் ஆகுதுன்னா அது சாஃப்ட்வேர் இல்லை, கேபிள். வண்டி நிக்கும்போது ஃபோன் பக்கத்து முனையை லேசா அசைச்சுப் பாருங்க, கட் ஆகும்.

புதுசு வாங்கினால் ஒரு மீட்டருக்கு மேலே வேண்டாம். நடுவில் ஹப், எக்ஸ்டென்ஷன் எதுவும் கூடாது. சார்ஜ் மட்டும் ஏத்துற கேபிளில் டேட்டா கம்பி ரெண்டும் இருக்காது. அதைப் போட்டால் சார்ஜ் ஏறும், ஆட்டோ வராது. சோதிக்க, கம்ப்யூட்டரில் சொருகுங்க. ஃபோனில் ஃபைல் டிரான்ஸ்ஃபர் கேட்டால் டேட்டா கேபிள். கேட்கலைன்னா வீட்டில் சார்ஜ் போட வச்சுக்கோங்க.

கேபிளுக்கு முன்னாடி ஃபோனோட ஓட்டையைப் பாருங்க. பாக்கெட் பஞ்சு அடியில் அமுங்கி உட்கார்ந்திருக்கும். அதனால் கனெக்டர் முழுசா உள்ளே போகாது, ஒரு நூல் அளவு வெளியே நிக்கும். ஃபோனை ஆஃப் பண்ணிட்டு மரப் பல்குச்சியால் மெதுவா கிளறி எடுங்க. ஊசி, சேஃப்டி பின் வேண்டவே வேண்டாம். வண்டியில் ரெண்டு யூஎஸ்பி இருந்தால் எல்லாத்திலும் டேட்டா இருக்காது. ஃபோன் படம் போட்டதில்தான் சொருகணும், மின்னல் படம் போட்டது பெரும்பாலும் வெறும் சார்ஜ்.

இதுக்குப் பிறகும் தகராறு பண்ணினால் ஆண்ட்ராய்டு ஆட்டோ செட்டிங்ஸில் பழைய கார் பட்டியலை அழிங்க, கார் ஸ்கிரீனில் ஃபோன் பேரை அழிங்க, புளூடூத்திலும் அழிங்க. மூணு இடத்திலும் அழிச்சால்தான் முதல் தடவை மாதிரி அனுமதி எல்லாம் மறுபடி கேட்கும். அப்போ எல்லாத்துக்கும் 'அலவ்' கொடுங்க. அவசரத்தில் 'டினை' அமுக்கினதுதான் பாதிப் பேர் பிரச்சினை.

வயர்லெஸ் டாங்கிள், அதாவது கேபிள் இல்லாமலே ஆட்டோவை ஓடவைக்கிற சின்னக் கருவி, வாங்கலாமான்னு அடுத்து கேட்பீங்க. ஆண்ட்ராய்டு 11க்கு மேலே, ஃபோனில் 5 கிகாஹெர்ட்ஸ் வைஃபை இருந்தால் ஓடும். முதல்ல சேர்த்துவிடவும் கால் பேசவும் புளூடூத், மத்த எல்லாம் வைஃபையில். ஃபோன் சூடாகும், பேட்டரியும் வேகமா இறங்கும். விபிஎன் போட்டிருந்தால் கனெக்ட் ஆகாமலே சுத்தும்.

கைகாட்டி எழுதியது:

குரல் விஷயம் எளிது. பாட்டு, கால், மேப் மூணுக்கும் கார் தனித்தனியா சத்த அளவு வச்சிருக்கும். மேப் பேசிக்கொண்டிருக்கும் அந்த ரெண்டு மூணு நொடிக்குள் சத்தக் குமிழைத் திருப்பினால்தான் மேப் குரல் ஏறும். பேசி முடித்த பிறகு திருப்பினால் பாட்டுதான் ஏறும், நீங்கள் சொன்னது அதேதான். அந்த நேரம் கையில் சிக்கவில்லை என்றால், கூகுள் மேப்ஸ் செட்டிங்ஸில் வழிகாட்டல் பகுதியில் சோதனை ஒலி இருக்கிறது. வண்டியை நிறுத்திவிட்டு அதை ஒலிக்கவிட்டுத் திருப்புங்கள். கார் சவுண்டு செட்டிங்ஸிலேயே 'நேவிகேஷன்' என்று தனிக் கோடு இருந்தால் இன்னும் சுலபம்.

எந்த மேப் என்றால், ஊருக்குள் கூகுள், நெரிசல் தெரியும். வால்பாறைக்கு இரண்டையும் தயாராக வைத்திருங்கள். கார் மேப் வண்டிக்குள்ளேயே இருப்பதால் சிக்னல் போனாலும் ஓடும். படம் எந்த வருடத்தது என்று மட்டும் 'அபௌட்' பக்கத்தில் பார்த்துக்கொள்ளுங்கள். கூகுளில் கிளம்புவதற்கு முந்தின நாள் வைஃபையில் இருக்கும்போது உங்கள் புரொஃபைல் படத்தைத் தொட்டு 'ஆஃப்லைன் மேப்ஸ்', 'செலக்ட் யுவர் ஓன் மேப்' போய், பொள்ளாச்சி, ஆழியாறு, வால்பாறை மூன்றும் கட்டத்துக்குள் விழும்படி இழுத்து இறக்குங்கள். ஏற்கெனவே இறக்கியதை மறந்துவிட்டால் காலாவதி ஆகும். முடிய 15 நாள் இருக்கும்போது வைஃபை கிடைத்தால் அதுவே புதுப்பிக்கப் பார்க்கும். ஆஃப்லைனில் நெரிசலும் மாற்றுப் பாதையும் வராது. ஆழியாறிலிருந்து மேலே ஏறும் அந்த 40 கொண்டை ஊசி வளைவில் மாற்றுப் பாதைக்கு எங்கே போவது, அதனால் கவலையில்லை.

இரண்டு மேப்பும் ஒன்றாகப் பேசும் என்று பயப்பட வேண்டாம். ஆட்டோவில் வழிகாட்டலைத் தொடங்கினால் கார் மேப்பின் வழிகாட்டல் நின்றுவிடும், மாறியும் அப்படியே.

மேப் நம்மைக் கைவிடுவது காட்டில் இல்லை, மேம்பாலத்தில்தான். கத்திப்பாராவை எடுத்துக்கொள்ளுங்கள். க்ளோவர் இலை அமைப்பு என்பதால் வலப்பக்கம் போக வேண்டியவர் பாலத்தைத் தாண்டி இடப்பக்கம் பிரிந்து, வட்டமாகச் சுற்றி வர வேண்டும். மனசு வலது என்கிறது, அம்பு இடது என்கிறது, யோசிப்பதற்குள் பிரிவு போய்விடும். பாலத்துக்கு மேலே இருக்கிறோமா கீழேயா என்று ஜிபிஎஸ்ஸுக்கு அவ்வளவு துல்லியமாகத் தெரியாது. 2024 ஜூலையில் கூகுள் இந்தியாவில் 40 நகரங்களுக்கு மேம்பாலத்தை முன்கூட்டிச் சொல்லும் வசதியைக் கொண்டுவந்தது, ஆட்டோவிலும் வரும். இருந்தாலும் கிளம்பும் முன் திருப்பங்களின் பட்டியலை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிடுங்கள். லொகேஷன் அனுமதியில் 'துல்லியமான இடம்' ஆனில் இருக்கட்டும்.

யாராவது வாட்ஸ்அப்பில் லொகேஷன் அனுப்பினால் ஓட்டிக்கொண்டே அதைப் பிடிக்கப் பார்க்க வேண்டாம். நிறுத்தி, ஃபோனில் அந்தப் புள்ளியை மேப்ஸில் திறந்து, வழியைத் தொடங்கிவிட்டுக் கேபிளைச் சொருகுங்கள். ஸ்கிரீனில் அதே வழி வந்து நிற்கும்.

ஹேண்ட்பிரேக் எழுதியது:

ஸ்டெப்னி சொன்னதெல்லாம் சரி, ஆனால் வாசிக்க வைக்கிறதோட நிறுத்திக்கோங்க. குரலில் பதில் சொல்றதும் ஆபத்தில்லாதது இல்லை. அமெரிக்காவில் ஏஏஏங்கிற வாகன ஓட்டிகள் சங்கத்தோட அறக்கட்டளைக்காக யூட்டா பல்கலைக்கழகம் பண்ணின ஆய்வு 2015ல் வந்தது. மோசமான சில குரல் சிஸ்டங்களில் கட்டளை கொடுத்து முடிச்ச பிறகும் கவனம் முழுசா ரோட்டுக்குத் திரும்ப 27 நொடி வரைக்கும் ஆச்சாம். 60 கிலோமீட்டர் வேகத்தில் 27 நொடின்னா 450 மீட்டர்.

சட்டமும் தெரிஞ்சு வச்சுக்கோங்க. 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டம் 184ஆம் பிரிவில், ஓட்டும்போது கையில் ஃபோனைப் பயன்படுத்துறது ஆபத்தா ஓட்டினதாகவே கணக்கு. முதல் தடவைக்கே 1,000 முதல் 5,000 ரூபாய் வரைக்கும் அபராதம், ஆறு மாசத்தில் இருந்து ஒரு வருஷம் வரை சிறைக்கும் இடம் இருக்கு. 2020 அக்டோபரில் வந்த விதி, வழி பார்க்க மட்டும் ஃபோனுக்கு அனுமதி கொடுக்குது, அதுவும் ஓட்டுறவர் கவனம் சிதறாத வகையில். செய்தி அதில் வராது.

பின்சீட்டு எழுதியது:

ஆப் லாக்கேதான்! அந்த சுவிட்சை ஆன் பண்ணினதும் அடுத்த செய்தியே ஸ்கிரீனில் வந்துடுச்சு. ஓட்டைக்குள்ளே பஞ்சும் இருந்தது. குமிழ் விஷயமும் சரி. ஒரே ஒரு சந்தேகம்: வீட்டில் எல்லாரும் தங்கிலீஷில்தான் அனுப்புறாங்க, 'வரும்போது பால் வாங்கிட்டு வா'ங்கிறதை வெள்ளைக்காரன் மாதிரி வாசிக்குது, ஒண்ணும் புரியல. வழி இருக்கா?

ஸ்டெப்னி எழுதியது:

இங்கிலீஷ் எழுத்தைப் பார்த்தால் இங்கிலீஷ் குரல் இங்கிலீஷாத்தான் வாசிக்கும், அதுக்கு செட்டிங் கிடையாது. வண்டியில் இருக்கும்போது அவசரம்னா கால் பண்ணச் சொல்லுங்க, பால் விஷயத்தை வண்டியை நிறுத்தினதும் படிச்சுக்கலாம்.