‘சரிங்க’ என்றால் புரிந்துவிட்டது என்று அர்த்தமா?

மெர்ச்சண்டைசர், திருப்பூர்:

எக்ஸ்போர்ட் பனியன் கம்பெனியில் வேலை. பையர் அனுப்பும் மெயிலைப் படித்து, கட்டிங், டெய்லரிங், செக்கிங், பேக்கிங் என்று ஒவ்வொரு செக்‌ஷனுக்கும் புரியும்படி சொல்வது பாதி வேலை. சொன்னது நடந்ததா என்று ஓடிப் பார்ப்பது மீதி.

சேர்ந்த இரண்டாம் வருடம். 7,200 டி-சர்ட், மூன்று கலர், பெட்டிக்கு 24 பீஸ், ஆக 300 பெட்டி. கலரும் சைஸும் கலந்து ரேஷியோவாகப் போடச் சொல்லியிருந்த பையர், கடைசி நேரத்தில் மாற்றிவிட்டார். பேக்கிங் மாஸ்டருக்குப் போன் செய்து, “அண்ணா, ரேஷியோ வேண்டாம், சாலிட் போட்டுருங்க” என்றேன். “சரிங்க அம்மிணி” என்றார். பத்து செகண்டில் பேச்சு முடிந்தது.

எங்கள் தொழிலில் இந்த ‘சாலிட்’ ஒரு வில்லங்கம் பிடித்த சொல். பெட்டியில் ஒரே கலரைப் போட்டு சைஸை மட்டும் கலந்தாலும் சாலிட்தான். கலரும் ஒன்று, சைஸும் ஒன்று என்றாலும் சாலிட்தான். நான் நினைத்தது இரண்டாவதை. முந்தைய பையருக்குப் போட்டுப் போட்டு அவர் கை பழகியிருந்தது முதலாவதில்.

மறுநாள் காலை பத்து மணிக்கு இன்ஸ்பெக்‌ஷன். முந்தின நாள் சாயங்காலம் சும்மா ஒரு எட்டு பார்த்துவிட்டு வரலாம் என்று போனால், மூடாத பெட்டி ஒன்றில் எஸ், எம், எல் எல்லாம் ஒன்றாகக் கிடக்கின்றன. அதற்குள் 212 பெட்டிக்கு டேப் ஒட்டி, சுவரோரமாக அடுக்கியாகிவிட்டது.

ஐயாயிரத்துச் சொச்சம் பீஸ். விடிய விடியப் பிரித்தோம். டேப்போடு அட்டையும் உரிந்து வந்த பெட்டிகளைத் தூக்கிப் போட்டுவிட்டு வேறு பெட்டி மடித்தோம். பெட்டி ஸ்டிக்கர் மொத்தமும் மறுபடி பிரிண்ட். மூன்று மணி டீக்கு உட்கார்ந்தபோது மாஸ்டர் சொன்னார்: “நீங்க சாலிட்னீங்க, நானும் சாலிட் போட்டேனுங்க.” கோபமே இல்லாமல் சொன்னார். அதுதான் சுருக்கென்றது.

அன்றைக்கு விட்டதுதான், “புரிஞ்சுதாங்களா?” என்று கேட்பதை. அந்தக் கேள்விக்கு “சரிங்க”வைத் தவிர வேறு பதில் வந்ததே இல்லை. சரி, திருப்பிச் சொல்லச் சொல்லலாம் என்றால், முப்பது வருட சர்வீஸ் உள்ள மனிதரிடம் வாத்தியார் மாதிரி எப்படிக் கேட்பது? இப்போதெல்லாம், “அண்ணா, முதல் பெட்டிக்குள்ள என்னென்ன போகுதுன்னு சொல்லுங்க, பையருக்கு எழுதணும்” என்பேன். “நேவி, எம் சைஸ், இருபத்து நாலு” என்று அவர் வாயாலேயே வந்துவிடும். முதல் பெட்டியைக் கட்டியதும் மூடாமல் ஒரு போட்டோ வாட்ஸ்அப்பில் வர வேண்டும். அதற்கு ஓகே சொன்ன பிறகுதான் இரண்டாவது பெட்டி.

ஒன்று சொல்ல விட்டுப் போயிற்று. அன்று மேனேஜரிடம் “ரெண்டு பேர் தப்பும் சார்” என்று சொன்னது மாஸ்டர். நான் வாயே திறக்கவில்லை. இன்றைக்கும் அது கொஞ்சம் உறுத்துகிறது.

ஸ்டாஃப் நர்ஸ், மதுரை:

எங்களுக்கு வில்லங்கம் பண்ணுவது நம்பர். நைட் டியூட்டியில் டாக்டர் போனில் சொல்லும் டோஸ் ‘ஃபிஃப்டீனா’, ‘ஃபிஃப்டியா’? பக்கத்து பெட்டில் மானிட்டர் கத்திக்கொண்டிருக்கும்போது இரண்டும் ஒன்றுதான். ஒருமுறை எனக்கு 50 என்றுதான் கேட்டது. கை மருந்துப் பக்கம் போய்விட்டது. இந்த மருந்துக்கு இவ்வளவா என்று மனசு கேட்காமல் மறுபடி போன் போட்டேன். 15.

அதிலிருந்து, ‘ஒன் ஃபைவ்’ என்று இலக்கம் இலக்கமாகத் திருப்பிச் சொல்லி, அவர் ‘ஆமாம்’ என்ற பிறகுதான் போனை வைப்பேன். “நான் சொன்னதையே ஏம்மா திருப்பிச் சொல்றே?” என்று எரிந்து விழுகிறவர்களும் உண்டு. “எழுதிக்கிட்டே சொல்றேன் சார்” என்றால் முடிந்தது. சந்தேகம் அவர் மேல் இல்லை, என் காது மேல் என்று ஆகிவிடும் பாருங்கள்.

ஓய்வுபெற்ற ஸ்டேஷன் மாஸ்டர்:

இரண்டு பேர் சொல்வதும் சரி. ஆனால் திருப்பிச் சொன்னால் எல்லாம் சரியாகிவிடும் என்று நம்பாதீர்கள்.

ரயில்வேயில் ‘பிரைவேட் நம்பர்’ என்று ஒன்று உண்டு. கேட் மூடாமல் சிக்னல் விழாதபடி இரண்டையும் இணைத்து வைப்பது இன்டர்லாக். அது இல்லாத லெவல் கிராசிங்கில், வண்டி வருமுன் ஸ்டேஷன் மாஸ்டர் கேட் கீப்பருக்குப் போன் செய்து கேட்டை மூடச் சொல்வார். அவர் மூடிப் பூட்டிவிட்டு, தன்னிடம் உள்ள தாளிலிருந்து ஒரு எண்ணைச் சொல்ல வேண்டும். அதை ரெஜிஸ்டரில் எழுதிய பிறகுதான் சிக்னல். கேட் மூடியாயிற்று என்பதற்கு அந்த எண்தான் சாட்சி.

நான் இருந்த ஒரு ஸ்டேஷனில், கேட்டு முடிக்கும் முன்பே எண்ணைச் சொல்லிவிடுகிற கேட் கீப்பர் ஒருவர் இருந்தார். நல்ல மனிதர்தான். ஆனால் இவ்வளவு சீக்கிரம் எப்படி மூட முடியும்? மெமோ கொடுத்திருக்கலாம். கொடுத்தால் அடுத்த நாளிலிருந்து நிதானமாகப் பொய் சொல்வார், அவ்வளவுதான். அதனால் எண் வந்ததும் இன்னொரு கேள்வியைச் சேர்த்துக்கொண்டேன்: “கேட்டுக்கு அந்தப் பக்கம் என்னப்பா நிக்குது?”

முதல் நாள் போனில் சத்தமே இல்லை. அப்புறம் செருப்புச் சத்தம், சங்கிலி இழுபடும் சத்தம். திரும்பி வந்து மூச்சு வாங்கச் சொன்னார்: “ஒரு டிராக்டர், ரெண்டு ஆட்டுக்காரங்க சார்.” அதற்கப்புறம்தான் எண்ணை ரெஜிஸ்டரில் எழுதினேன்.