மறுபயன்பாட்டுக் கார் பேட்டரிக்கு ‘மறுதாம்பு அடுக்கு’

அன்புடையீர், வணக்கம்.

மின்காரிலிருந்து கழற்றி, கட்டுமானத் தளத்தில் மின்சாரம் சேமிக்க வைக்கும் பேட்டரியை ‘இரண்டாம் ஆயுள் மின்கலம்’ என்று அழைக்கலாம் என்ற முன்மொழிவை என்னால் ஏற்க இயலவில்லை. திரும்பத் திரும்ப மின்னேற்றக்கூடிய கலம் எதுவாயினும் அதை ‘இரண்டாம் நிலை மின்கலம்’ என்று ஏற்கெனவே எழுதி வருவதால், படிப்பவர் மனம் அங்கேதான் போகும். ‘மறுசுழற்சி மின்கலம்’ இன்னும் பிழையானது. மறுசுழற்சியில் கலத்தை நொறுக்கி நிக்கல், கோபால்ட் முதலியவற்றைப் பிரித்தெடுப்பார்கள், இங்கோ கலம் கலமாகவே இருக்கிறது.

கழற்றும்போது பெரும்பாலும் 70 முதல் 80 விழுக்காடு கொள்ளளவு எஞ்சியிருக்கும். காருக்குப் போதாத அது, டவர் கிரேன் சுமையைத் தூக்கத் தொடங்கும் சில நொடிகளின் உச்சத் தேவையை ஏற்கப் போதும். அந்த நொடிகளுக்காகவே பெரிய டீசல் ஜெனரேட்டரை வாங்கி, மற்ற நேரமெல்லாம் குறைந்த சுமையில் ஓட்டிக் கரி படியவிட வேண்டியதில்லை.

இந்த நிலைக்குக் கரும்பு விவசாயியிடம் சொல் இருக்கிறது. வெட்டிய கட்டையிலிருந்து தழைக்கும் பயிர் மறுதாம்பு: விளைச்சல் பொதுவாகக் குறையும், ஆனால் புதுக் கரணை வாங்கும் செலவில்லை. மறுதாம்பு தானே துளிர்க்கும், பேட்டரி துளிர்க்காது என்ற மறுப்பு நியாயமானதே. எனினும் குறைந்த பலனையும் மிஞ்சும் பயனையும் ஒருசேரச் சொல்லும் வேறு சொல் எனக்குத் தட்டுப்படவில்லை. ஆகவே இப்பேட்டரியை ‘மறுதாம்பு அடுக்கு’ எனலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் 2023ஆம் ஆண்டு பேட்டரி ஒழுங்குவிதி, முன்பிருந்த பணிக்கே மீண்டும் பயன்படுத்துவதையும் வேறு பணிக்கு மாற்றுவதையும் தனித்தனியே வரையறுக்கிறது. அத்தகைய சட்ட மொழிபெயர்ப்பில் மட்டும் பின்னதை ‘மாற்றுப்பயன்’ என்று எழுதலாம்.

அடுத்தது ‘மாடுலர்’, அதாவது மாட்யூல் எனப்படும் தனித்தனி அலகுகளைச் சேர்த்து அமைப்பது. (சமையலறை விளம்பரங்கள் இச்சொல்லை ஊரறியச் செய்துவிட்டன.) முதல் தலைமுறை நிசான் லீஃபின் 24 கிலோவாட்-மணி பேட்டரியில் நான்கு கலங்கள் கொண்ட மாட்யூல்கள் 48 இருந்தன. அந்த உள் அலகும், தளத்தில் தேவைக்கேற்பச் சேர்த்துக் கழற்றும் முழு அலகும் ஒரே பெயரில் வந்தால் வரைபடம் குழம்பும். ‘தொகுதி’ என்றாலோ இலங்கை வாசகருக்கு முழு அமைப்பையே குறிக்கும். ஆகவே உள்ளிருப்பதைக் ‘கலக்கூறு’ என்றும், வெளியலகை ‘அடுக்குப்பெட்டி’ என்றும் பிரிக்கலாம்.

வெவ்வேறு அளவில் தேய்ந்த பேட்டரிகளைத் தொடராக இணைத்தால், மிக நலிந்ததே மொத்தத்தையும் கட்டுப்படுத்தும். அதனால் ஒவ்வொரு பெட்டிக்கும் தனி மின்மாற்றுச் சாதனம் (கன்வெர்ட்டர்) வைத்துப் பொது மின்தடத்தில் இணைப்பதே தக்க வடிவமைப்பு. அங்கு ஒன்று பழுதானால் எலக்ட்ரீஷியன் “அந்தப் பெட்டியைக் கழற்று” என்றுதான் சொல்வார்.