அப்டேட்: டாங்கி காங் தண்ணி லெவல் மியூசிக்க ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதுறது

போன தடவை கேட்டிருந்தேன்ல, 1994ல வந்த டாங்கி காங் கன்ட்ரிங்கிற வீடியோ கேம்ல தண்ணிக்கடியில போறப்ப வர்ற மியூசிக், டேவிட் வைஸ் போட்டது, அத ஆர்க்கெஸ்ட்ராவுக்கு எழுதணும் ஆனா அடைசலா இல்லாம நிறைய இடம் விட்டு வரணும், எப்படின்னு. பதில் போட்ட எல்லாருக்கும் ரொம்ப நன்றிங்க, இப்ப ஒரு வடிவத்துக்கு வந்துடுச்சு.

"ஒரிஜினல்ல ஒரே நேரத்துல எத்தன சத்தம் கேக்குதுன்னு பாருங்க"ன்னு ஒருத்தர் சொன்னதுதான் பெரிய உதவி. அந்த கேம் ஓடுன சூப்பர் நின்டெண்டோ மெஷின்ல மொத்தமே 8 சேனல், அதாவது ஒரே நேரத்துல 8 சத்தம்தான், சவுண்டுக்கு 64 கேபி மெமரி, எக்கோவுக்கும் அதுலேர்ந்துதான் இடம் எடுக்கணும். அந்த சிக்கனம் பாட்டோட உடம்புலயே இருக்கு, அத நிரப்பிட்டா பாட்டு போயிடும்.

அதனால சுத்தி சுத்தி வர்ற அந்த நோட்டெல்லாம் ஹார்ப் மட்டும்தான். மெலடி ஆல்ட்டோ ஃப்ளூட்ல, கீழ் ஸ்தாயில, வாசிக்கிறவங்க மூச்சும் சேந்து கேக்கும். வயோலாவுக்கு மியூட் (சத்தத்த அடக்குற சின்ன கருவி) போட்டு, வில்ல ஃபிங்கர்போர்டு (விரல் வைக்கிற பலகை) பக்கமா கொண்டுபோய் இழுத்தா சத்தத்தோட விளிம்பு மழுங்கிடுது, அது அவ்ளோ அழகு. டபுள் பாஸ் முதல் பாதில கிடையவே கிடையாது, அப்புறம் நீளமா ஒரு நோட்டு, அவ்ளோதான். ரிவர்ப்ல (ஹால் எதிரொலி) ப்ரீ-டிலேய, அதாவது எதிரொலி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி வர்ற இடைவெளிய, கொஞ்சம் ஏத்துனதும் ஃப்ளூட் முன்னாடி வந்துடுச்சு, ஹால் பின்னாடி போயிடுச்சு.

கோரஸ் சேக்கச் சொன்னீங்க சிலர், எனக்கு மனசு வரல, மனுசக் குரல் வந்தா காது அங்கயே போய் நின்னுடும். ஹார்ன் மட்டும் இன்னும் முடிவாகல, மியூட் போட்டு எழுதிப் பாத்தவங்க இருந்தா சொல்லுங்க.