கும்பகோணம் எம்.பி.யா இருந்த இரா. செழியன் தொகுதிக்கு என்னதான் செஞ்சார்?

காவேரிக்கரை:
எல்லாருக்கும் வணக்கம். காலேஜ்ல நம்ம பக்கத்து எம்.பி. ஒருத்தரைப் பத்தி எழுதச் சொல்லியிருக்காங்க. நான் இரா. செழியனை எடுத்துக்கிட்டேன். பொறந்தது 1923, திருக்கண்ணபுரம், நாவலர் நெடுஞ்செழியனோட தம்பி, இயற்பெயர் சீனிவாசன். 1962ல பெரம்பலூர், 67லயும் 71லயும் கும்பகோணம். இதோட நிக்குது. எங்க மாமா நோட்டை வாங்கிப் பாத்துட்டு, "பத்து வருஷம் எம்.பி.யா இருந்தாரே, அவர் பேர் போட்ட ஒரு நிழற்குடை காட்டு, ஒரு தண்ணித் தொட்டி காட்டு"ன்னுட்டார். எனக்குப் பதில் தெரியல. நெசமாவே ஒண்ணும் செய்யலையா?

சோழநாட்டான்:
அண்ணன் பெரிய தலைவர், தம்பிக்கு சீட்டு. அவ்வளவுதான் கதை.

ஓய்வுபெற்ற ஆடிட்டுக்காரன்:
சோழநாட்டாரே, 62ல தி.மு.க.வுக்கு லோக்சபால கிடைச்சதே 7 இடம். காஞ்சிபுரத்துல அண்ணாவே தோத்து ராஜ்யசபாவுக்குப் போன வருஷம் அது. அண்ணன் பேரை வச்சு சீட்டு வாங்கலாம், அந்தக் காத்துல ஜெயிக்க முடியுமா?

தம்பி காவேரிக்கரை, உன் மாமா கேட்ட நிழற்குடைக்கு வரேன். அந்தக் காலத்துல எம்.பி. கையில பைசா கிடையாது. தொகுதி மேம்பாட்டு நிதி வந்ததே 1993 டிசம்பர்ல. முதல் வருஷம் ஆளுக்கு 5 லட்சம், அடுத்த வருஷமே 1 கோடி, 98ல 2 கோடி, 2011ல 5 கோடி. செழியன் லோக்சபாவை விட்டு வந்தது 77லயே. இதுல வேடிக்கை என்னன்னா, அந்த நிதியே கூடாதுன்னு விடாம எழுதினவர் அவர். அரசாங்கம் செலவழிச்சதுக்குக் கணக்குக் கேக்க வேண்டிய ஆளே செலவழிக்க உட்காந்தா, அப்புறம் கணக்கை யார் கேக்கறதுங்கறது அவர் வாதம்.

ஏன் அப்படிச் சொன்னார்னு எங்க ஆபீஸ்காரனுக்குத்தான் சட்டுனு புரியும். 71லேர்ந்து 73 வரைக்கும் பொதுக்கணக்குக் குழுத் தலைவர் அவர். நாங்க பி.ஏ.சி.ம்போம். நான் தணிக்கை அலுவலகத்துல கிளார்க்கா சேர்ந்தது 72ல. ஒரு துறை காசை எங்கயோ கோட்டை விட்டிருந்தா அதை ஒரு பாராவா எழுதுவோம். அது பல கை மாறி, சி.ஏ.ஜி., அதாவது நாட்டோட தலைமைத் தணிக்கையாளர், அறிக்கையில ஏறி, பார்லிமென்ட்டுக்குப் போகும். குழுவுல 22 பேர், லோக்சபா 15, ராஜ்யசபா 7. மந்திரிக்கு அதுல இடமே கிடையாது. துறைச் செயலாளரை எதிர்ல உட்கார வச்சுக் கேப்பாங்க. ஒரு பாராவை பி.ஏ.சி. எடுத்துருச்சுன்னு தெரிஞ்சா எங்க செக்‌ஷன் ஆபீசர் டீ குடிக்கக்கூட எழுந்திரிக்க மாட்டார். பழைய வவுச்சர் கட்டையெல்லாம் தூசி தட்டி, கூட்டுத்தொகையை மறுபடி மறுபடி போட்டுப் பாப்போம். 67லேர்ந்துதான் எதிர்க்கட்சிக்காரர் தலைவரா வர வழக்கம், முதல்ல மினு மசானி. தி.மு.க.லேர்ந்து ஒருத்தர் அந்த நாற்காலியில உட்காந்தது எங்க ஆபீஸ்ல அப்ப பெரிய பேச்சு.

இதுக்கெல்லாம் கல்வெட்டு வைக்க முடியாது தம்பி.

மயிலாப்பூர் மாடிவீடு:
எமர்ஜென்சியை விட்டுட்டீங்களே சார். 75 ஜூலையில சபை கூடினப்ப கேள்வி நேரத்தையே நிறுத்தி வச்சாங்க. எதிர்க்கட்சித் தலைவர்கள்ல பாதிப் பேர் ஜெயில்ல. சபையில என்ன பேசினாலும் சென்சாரைத் தாண்டிப் பேப்பர்ல வராது. ஜெயிலுக்குப் போகாம சபையில எதிர்த்துப் பேசின கொஞ்சப் பேர்ல அவரும் ஒருத்தர்.

அதை விசாரிச்ச ஷா கமிஷன் 78ல கடைசி அறிக்கை கொடுத்தது. 80ல ஆட்சி மாறினதும் அச்சடிச்ச பிரதிகள் கண்ணுல படவே இல்ல. இவர் தன்கிட்ட இருந்ததைப் பத்திரமா வச்சிருந்து, 2010ல மறுபடி புத்தகமாவே போட்டார். அப்ப வயசு 87!

77ல தி.மு.க.வை விட்டு ஜனதாவுக்குப் போனார், 78லேர்ந்து 84 வரைக்கும் ராஜ்யசபா. 84 கடைசியில எங்க தென்சென்னையில நின்னார். எனக்கு முதல் ஓட்டு அது. அப்பல்லாம் 21 வயசு ஆகணும். எதிர்ல காங்கிரஸ்ல வைஜயந்திமாலா. இந்திரா காந்தி சுடப்பட்டு ரெண்டு மாசம்கூட ஆகல, எம்.ஜி.ஆர். அமெரிக்காவுல ஆஸ்பத்திரியில. எங்க தெருவுல வைஜயந்திமாலா வேன் வந்தப்ப அடுப்புல பாலை வச்சுட்டு அம்மா மாடிக்கு ஓடினாங்க, பால் பொங்கி வழிஞ்சு பாத்திரம் தீஞ்சுது. செழியன் வந்தப்ப கீழ நாலு பேர் கை கட்டிக் கேட்டோம். சுமார் 48,000 ஓட்டுல தோத்தார். நான் அவரோட ஜனதா சின்னம் ஏர் உழவனுக்குத்தான் குத்தினேன். வீட்டுல இன்னிக்கும் கிண்டல் பண்ணுவாங்க.

காவேரிக்கரை:
ரொம்ப நன்றி சார், ரெண்டு பேருக்கும். அவர் பேச்சுகளை நேராப் படிக்க வழி இருக்கா?

ஓய்வுபெற்ற ஆடிட்டுக்காரன்:
பார்லிமென்ட் டிஜிட்டல் லைப்ரரியில பழைய விவாதம் எல்லாத்தையும் ஸ்கேன் பண்ணிப் போட்டிருக்கான். உறுப்பினர் பேரை ஆங்கிலத்துல போட்டுத் தேடு. அங்க அவர் பேசினதும் ஆங்கிலத்துலதான், கையில அகராதி வச்சுக்கோ. பி.ஏ.சி. அறிக்கைகளும் அங்கயே இருக்கு. கடைசி வருஷங்கள்ல வேலூர்ல இருந்தார், 2017 ஜூன்ல தவறிட்டார். அதையும் எழுதிடு.

காவேரிக்கரை:
சரிங்க சார். மாமாகிட்ட மொத்தத்தையும் வாசிச்சுக் காட்டினேன். முழுசாக் கேட்டுட்டு, "அப்ப நிழற்குடை கட்டலைங்கறது உறுதி"ன்னார். ஆனா சாயந்தரம் அவரே வந்து, "அந்த ஷா கமிஷன் புத்தகம் எங்க கிடைக்கும்னு கேளு"ங்கறார்.